ஆயில் கூலரில் ஃபேன் போட்டால் இன்ஜின் சூடு குறையுமா?

நீங்கள் கேட்டது இது: 350 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு வண்டி. வெளியே வாங்கிய ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர்) ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் நல்ல பலன். ஆனால் நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்தால் பழைய கதைதான்: நியூட்ரல் விழ மறுக்கிறது, கியர் கடினமாகிறது, ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் முறுக்காமல் இன்ஜின் ஓடுவது) தள்ளாடுகிறது, தொடையில் அனல் அடிக்கிறது. கூலருக்குப் பின்னால் ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தால் தீருமா, வைப்பதென்றால் எப்படி?

தீர வாய்ப்பு உண்டு. ஆனால் ஃபேன் வாங்குவதற்கு முன்னால் ஓர் அளவெடுப்பு பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் ஃபேன் மாட்டி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியில், ஹெட்டுக்கு (சிலிண்டரின் தலைப்பகுதி) ஆயில் ஏற்றும் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்துக் கூலருக்குக் கொடுத்திருந்தேன். திரும்பி வரும் ஆயில் டேப்பெட் கவர் வழியே உள்ளே விழும். இந்தக் கிளையால் ஹெட்டுக்கு ஆயில் குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், கிளையின் வாயில் சின்னத் துளை கொண்ட ஒரு ஜெட்டையும் சொருகி வைத்தேன். பிறகு ஃபேன். ஹேண்டில்பாரில் சுவிட்ச். முதல் நாள் நெரிசலில் சுவிட்சைத் தட்டினேன், ஃபேன் விமானம் போல இரைந்தது, ஆயில் டெம்பரேச்சர் மூன்று டிகிரிதான் இறங்கியது. ஃபேன் சின்னது போலிருக்கிறது என்று பெரிதாக மாற்றினேன். அதே மூன்று டிகிரி.

அப்புறம்தான் புத்தி வந்தது. சூட்டை அளக்கும் இரண்டு தெர்மோகப்பிள் வயர்களை எடுத்து, ஒன்றைக் கூலருக்குள் ஆயில் நுழையும் பேஞ்சோ போல்ட்டிலும் (உள்ளே ஆயில் ஓடும் துளையுள்ள போல்ட்), இன்னொன்றை வெளியேறும் போல்ட்டிலும் வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டினேன். ரப்பர் ஹோஸின் மேல் ஒட்டினால் பயனில்லை, ரப்பர் வெப்பத்தை மறைத்துவிடும். உலோகத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும். ஐடிலிங்கில் பார்த்தால் உள்ளே போவது 118 டிகிரி, வெளியே வருவது 61. கூலர் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தது. வேலைதான் அதற்கு வந்து சேரவில்லை.

இதுதான் உங்கள் வண்டியிலும் முதலில் பார்க்க வேண்டியது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, நின்ற இடத்தில் ஐடிலிங்கில், கூலரின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பாருங்கள். வித்தியாசம் ஐந்து, பத்து டிகிரிக்குள் இருந்தால் ஆயில் தாராளமாக ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை. ஃபேன் போடுங்கள், பலன் தெரியும். வித்தியாசம் முப்பது, நாற்பதைத் தாண்டினால் வருகிற கொஞ்ச ஆயிலைக் கூலர் ஏற்கெனவே முழுசாகக் குளிர்வித்துவிட்டது. அங்கே ஃபேனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஆயில் ஓட்டத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஏன் இப்படி என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். ஒரு லிட்டர் இன்ஜின் ஆயிலின் எடை சுமார் 0.85 கிலோ. ஒரு கிலோ ஆயிலை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 2.1 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஆக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் கூலர் வழியே ஓடி 10 டிகிரி குறைந்தால், வெளியேறும் வெப்பம் சுமார் 300 வாட். மூன்று லிட்டர் ஓடினால் அதே 10 டிகிரிக்கு 900 வாட். கால் லிட்டர்தான் ஓடுகிறது என்றால், அதே 300 வாட்டுக்கு ஆயில் 40 டிகிரி இறங்கியாக வேண்டும். வெளிக்காற்றின் சூட்டுக்குக் கீழே எந்தக் கூலரும் எந்த ஃபேனும் ஆயிலை இறக்காது என்பதால், அந்த வழி சீக்கிரமே முட்டிக்கொள்ளும்.

இந்த வாட்டுகள் பெரிதா சிறிதா? ஐடிலிங்கில் மணிக்கு 0.3 லிட்டர் பெட்ரோல் எரிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் என்றால், அது 2.7 கிலோவாட் வெப்பம். நின்ற வண்டி எந்த வேலையும் செய்வதில்லை என்பதால் அத்தனையும் வெப்பமாகத்தான் போயாக வேண்டும். கணிசமான பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தை ஃபின்களும் (இன்ஜினைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகள்) ஆயிலும் சேர்ந்து சுமக்க வேண்டும், காற்றோட்டம் இல்லாத நேரத்தில். அந்த நிலையில் 300 வாட் என்பது உதவி, 900 வாட் என்பது விடுதலை.

ஐடிலிங்கில் ஆயில் ஓட்டம் ஏன் குறைகிறது என்று கேட்டால், ஆயில் பம்ப் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கோடு பல்சக்கரத்தால் கட்டுண்டது. 5000 ஆர்பிஎம்மில் தள்ளுவதில் நான்கில் ஒரு பங்கைக்கூட 1100 ஆர்பிஎம்மில் அது தள்ளாது. போதாக்குறைக்குச் சூடான ஆயில் மெலிந்துபோய் பேரிங் இடுக்குகள் வழியாகவே தாராளமாகக் கசிந்துவிடும், கூலர் வரை போக அதற்கு அவசியமே இருக்காது. ஃபேன் மிகவும் தேவைப்படும் நேரமும் பம்ப் மிகவும் சோர்ந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே வருவதுதான் இந்த விஷயத்தின் சிக்கல்.

கம்பெனிகள் இதைத் தெரிந்தே செய்கின்றன. 1985-ல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வண்டியை ஆயில் கூலிங்கோடு கொண்டுவந்தபோது முன்னால் ஒரு கூலரைத் தொங்கவிட்டதோடு நிற்கவில்லை. பம்ப்பே இரட்டை அறை கொண்டது: ஓர் அறை பேரிங், கியர் போன்ற இடங்களின் உயவுக்கு, இன்னொன்று எரியறையின் கூரைமேல் ஆயிலை ஏராளமாகப் பாய்ச்சுவதற்கு. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்ச ஜெட்டுகள் தனியாக. அதாவது சூடு பிறக்கும் இடத்துக்கே ஆயிலை அனுப்பி, அங்கிருந்து சுமந்து வந்து, கூலரில் இறக்கினார்கள். நம் வண்டியில் முதல் இரண்டு வேலைகளும் கிடையாது, மூன்றாவது மட்டும்தான். அதனால் எதிர்பார்ப்பையும் அதற்கேற்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது. நாம் குளிர்விப்பது ஆயிலைத்தான். ஹெட்டின் சூடு பெரும்பாலும் ஃபின் வழியாகவே போயாக வேண்டும்.

சரி, ஓட்டம் குறைவு என்று தெரிந்தால் என்ன செய்வது? எந்த இடத்திலிருந்து ஆயிலை எடுக்கிறோம் என்பதே முக்கால்வாசி விடை. ஆயில் டேங்க் தனியாக உள்ள டிரை சம்ப் வண்டி என்றால் உங்களுக்கு யோகம்: கிராங்க் கேஸிலிருந்து டேங்குக்கு ஆயிலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனை வெட்டி நடுவில் கூலரைப் போடலாம். அங்கே அழுத்தம் குறைவு, திரும்பி வரும் ஆயில் முழுக்க அதன் வழியே போகும், ஏதாவது அடைத்துக்கொண்டாலும் பேரிங்குக்கு ஆயில் உடனடியாக நிற்காது. திருகி மாட்டும் வகை ஃபில்டர் உள்ள வண்டியில், ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு சாண்ட்விச் பிளேட் வைத்து ஆயிலை வெளியே எடுத்துக் கூலர் சுற்றி உள்ளே விடலாம். இதுவும் முழு ஓட்டம். ஃபில்டர் உள்ளே ஒளிந்திருக்கும் வண்டிகளுக்கு, ஹோஸ் மாட்ட வாய்கள் வைத்த மாற்று ஃபில்டர் கவர் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது.

எனக்குப் பிடிக்காத இடம் ஹெட்டுக்கு ஏறும் குழாய். மாட்டுவது சுலபம் என்பதால்தான் பலரும் அங்கேயே போகிறார்கள். கிளை பிரித்தால் என் கதைதான், ஓட்டம் சொட்டுக் கணக்கு. கிளை பிரிக்காமல் மொத்தக் குழாயையும் கூலர் வழியே திருப்பினால் இன்னொரு ஆபத்து: குளிர் நேரத்தில் கெட்டியான ஆயில் குறுகலான கூலரில் தவழ்ந்து ஹெட்டுக்குத் தாமதமாகப் போகும். வால்வுகளைத் திறக்கும் ராக்கரும், ஹெட்டில் கேம் இருந்தால் அந்தக் கேமும் அந்த நேரத்தில் வறண்டு ஓடும். ஐடிலிங் சூட்டைத் தணிக்கப் போய் ராக்கரைத் தேய்த்துக்கொள்வது நல்ல பேரம் இல்லை. உங்கள் கிட் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. ஹெட் குழாய் வகை என்றால், ஃபேனைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த எடுப்பிடத்தை மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், சூடு உண்மையிலேயே அதிகமா என்பதும் ஒரு கேள்விதான். தொடையில் அனல் அடிப்பது அளவுகோல் ஆகாது. 60 டிகிரி உலோகத்தையே கையால் பிடித்திருக்க முடியாது, ஹெட்டின் ஃபின்கள் சாதாரணமாகவே அதைப்போல இரண்டு மடங்கு சூட்டில் இருக்கும். டிப்ஸ்டிக் மூடிக்குப் பதிலாக மாட்டும் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் 90-லிருந்து 110 வரை இருந்தால் அது அதன் வீடு, தொடவே வேண்டாம். 120-ஐ ஒட்டி எப்போதாவது போய் வந்தால் நல்ல சிந்தெட்டிக் ஆயில் முணுமுணுக்காமல் தாங்கும். நெரிசலில் 130-ஐத் தாண்டி நிற்கிறது என்றால்தான் கூலரும் ஃபேனும் பேச வேண்டிய விஷயம். அந்தச் சூட்டில் 20டபிள்யூ-50 ஆயிலின் பிசுபிசுப்பு, 100 டிகிரியில் 30 தர ஆயிலுக்கு இருக்கும் பிசுபிசுப்புக்கு ஏறக்குறைய இறங்கிவிடும். பத்து டிகிரிக்கு ஒருமுறை ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஒரு பழைய கட்டைவிரல் கணக்கு. லேசர் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரால் பளபளக்கும் அலுமினியத்தை அளந்தால் பொய் சொல்லும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் குறிவைத்தால் ஓரளவு நம்பலாம்.

மீட்டர் 105 காட்டும்போதும் நியூட்ரல் விழவில்லை என்றால், ஆயிலைத் திட்டாமல் கிளட்ச் கேபிளின் தளர்வைப் பாருங்கள். சூட்டில் அந்த அளவு மாறும், கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ஐடிலிங் தள்ளாடுவதற்கு பெட்ரோல் கலவை மெலிந்திருப்பதும், இறுகிப்போன டேப்பெட்டும், நேரம் தவறிய இக்னிஷனும் காரணமாகலாம். மெலிந்த கலவையே சூட்டுக்கும் காரணம். ஃபின்களுக்கு நடுவே காய்ந்த சேற்றை ஒரு மரக்குச்சியால் சுரண்டி எடுத்தே சிலருக்குப் பத்து டிகிரி கிடைத்திருக்கிறது. ஃபேனுக்குச் செலவழிப்பதற்கு முன் குச்சியைத் தேடுவது மலிவு.

இனி ஃபேனுக்கு வருவோம். ஆயில் தாராளமாக ஓடுகிறது, காற்றுதான் குறை என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கூலரின் முகப்பளவுக்குப் பொருந்தும் 12 வோல்ட் ஃபேன், 36-லிருந்து 60 வாட் வரை, நீர் புகாத மோட்டார். கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கழற்றிய 120 மி.மீ ஃபேனை மட்டும் போடாதீர்கள். திறந்த வெளியில் அது நன்றாகக் காற்று தரும், ஆனால் ஃபின் நெருக்கமான கூலரின் முன் வைத்தால் மூச்சுத் திணறிவிடும், தடையைத் தள்ளிக் காற்று அனுப்பும் அழுத்தம் அதற்குக் கிடையாது. முதல் மழையோடு அதன் ஆயுளும் முடியும். இதுவும் சொந்த அனுபவமே.

ஃபேனைக் கூலருக்கு முன்னால் வைத்துத் தள்ளவும் செய்யலாம், பின்னால் வைத்து இழுக்கவும் செய்யலாம். என் ஓட்டு பின்னால் வைப்பதற்கு. முன்னால் வைத்தால் முன் சக்கரம் எறியும் கல்லும் சேறும் மோட்டாரின் முகத்திலேயே விழும், வண்டி ஓடும்போது வரும் இயல்பான காற்றையும் மோட்டார் மறைக்கும். பின்னால் வைத்தால் சூடான காற்றில் மோட்டார் நிற்க வேண்டியிருக்கும் என்பது உண்மை, ரேடியேட்டருக்கென்று செய்த மோட்டார் அதைத் தாங்கும். கூலரைத் தாண்டி வரும் காற்று சூடாகி ஹெட்டின் மேல் அடிக்குமே என்று சிலர் கவலைப்படுவார்கள். அந்தக் காற்று 60, 70 டிகிரியில் இருக்கலாம், ஹெட் ஃபின் அதைவிட மிகவும் சூடு. தேங்கி நிற்கும் காற்றைவிட நகரும் வெதுவெதுப்பான காற்று ஃபின்னுக்கு நல்லதே. முடிந்தால் ஃபேனின் வாயை ஹெட் பக்கம் லேசாகத் திருப்பி வையுங்கள், ஒரே மின்சாரத்தில் இரண்டு வேலை.

எந்தப் பக்கம் வைத்தாலும், வண்டி ஓடும்போது காற்று பாயும் திசையிலேயே ஃபேனும் காற்றை அனுப்ப வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்தால் பிரஷ் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், ஆனால் இறக்கைகள் வளைந்தவை என்றால் திறன் பாதி போய்விடும். பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸே எரியலாம். தள்ளும் வகையா இழுக்கும் வகையா என்று பார்த்தே வாங்குங்கள். மாட்டிய பிறகு ஒரு சின்னத் தாள் துண்டைக் கூலரின் முகத்தில் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்துவந்து கையில் அடிக்கக் கூடாது.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஷ்ரவுட், அதாவது காற்றை வழிநடத்தும் கூண்டு. ஃபேனைக் கூலரோடு ஒட்டி வைத்தால், இறக்கை சுற்றும் வட்டத்துக்கு நேரான பகுதி மட்டும் குளிரும், நான்கு மூலைகளும் சும்மா இருக்கும். மோட்டாருக்கு நேரான நடுப்பகுதியும் அப்படியே. கூலருக்கும் ஃபேனுக்கும் நடுவே 15, 20 மி.மீ இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைச் சுற்றி அலுமினியத் தகட்டால் ஒரு பெட்டி போல மூடிவிட்டால் முழு முகமும் வேலை செய்யும். தகட்டின் ஓரத்துக்கும் கூலருக்கும் இடையே ஃபோம் பட்டை ஒன்று ஒட்டுங்கள், இடுக்கு வழியே காற்று குறுக்கு வழி தேடாது. கூலரின் ஃபின் ஊடாகச் சொருகும் பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம். அதிர்வில் அது ரம்பம் மாதிரி அறுத்து, ஒருநாள் குழாயைத் தொட்டுவிடும். ஃபேனின் எடை பிராக்கெட்டில் நிற்கட்டும், பிராக்கெட் ரப்பர் புஷ்ஷில் நிற்கட்டும்.

மின்சாரக் கணக்கு சின்ன வண்டிகளில் கழுத்தைப் பிடிக்கும். ஆல்டர்னேட்டர் இத்தனை வாட் என்று போட்டிருப்பது வேகமாகச் சுற்றும்போது. ஐடிலிங்கில் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஹெட்லைட் 35-லிருந்து 60 வாட், பிரேக் லைட், இக்னிஷன், இதற்கு மேல் ஃபேன் 50 வாட் என்றால் மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். சோதிப்பது எளிது: ஐடிலிங்கில் ஹெட்லைட், ஃபேன், பிரேக் எல்லாவற்றையும் போட்டுப் பேட்டரி முனையில் வோல்ட் மீட்டரை வையுங்கள். 13-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.5-க்குக் கீழே சரிந்துகொண்டே போனால் பேட்டரி கரைகிறது. ஹெட்லைட்டை நல்ல எல்இடிக்கு மாற்றினால் மிச்சமாகும் வாட்டே ஃபேனுக்குப் போதும். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் நேரடியாக ஏசியில் எரியும். அந்த வயரிலிருந்து ஃபேனுக்கு எடுக்காதீர்கள், டிசி வேண்டும்.

வயரிங் ஒன்றும் பெரிய வித்தையில்லை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30-ஆம் முனை, 87-லிருந்து ஃபேன், ஃபேனின் மறுமுனை நேராக பேட்டரி நெகட்டிவ். ரிலேயின் 86-க்கு இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், 85-லிருந்து தெர்மல் சுவிட்ச் வழியாக எர்த். பொத்தான் அளவில் கிடைக்கும் கேஎஸ்டி301 வகை பைமெட்டல் சுவிட்ச் (சூட்டில் உள்ளே இருக்கும் தகடு வளைந்து இயங்குவது) இதற்கு நன்றாகப் பொருந்தும், பல டெம்பரேச்சர்களில் கிடைக்கிறது. அதன்மேல் 250 வோல்ட் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஃபேனை நேரடியாக அதன் வழியே விட ஆசை வரும். அது ஏசிக்கான கணக்கு. டிசியில் தொடுமுனை பிரியும்போது தீப்பொறி அணையாமல் நீளும், நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலேயின் காயிலை இயக்கும் சின்ன மின்னோட்டத்தை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

எந்த டெம்பரேச்சரில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும்? கார் ரேடியேட்டருக்கான சுவிட்சைப் போடுவது பொதுவான தவறு. அது 90 சொச்சத்தில் ஆன் ஆகும். தண்ணீருக்கு அது சூடு, ஆயிலுக்கு அது இயல்பு நிலை, ஃபேன் ஓயாமல் சுற்றும். ஆயில் 105-ல் ஆன், 92, 95-ல் ஆஃப் என்றால் நன்றாக இருக்கும். பைமெட்டலை உலோகத்தின் வெளியே ஒட்டும்போது உள்ளே இருக்கும் ஆயிலைவிடச் சில டிகிரி குறைவாகவே அது உணரும், அதனால் 95 என்று குறித்ததை வாங்கினால் நடைமுறையில் சரியாக வரும். ஒட்டும் இடம் கூலருக்குள் ஆயில் நுழையும் பக்கம். வெளியேறும் பக்கம் ஒட்டினால் ஃபேன் சுற்றியவுடன் அங்கே குளிர்ந்து, உடனே அணைந்து, மறுபடி சுற்றி, ஃபேனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

சாவியை அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றது. கூலருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு குவளை ஆயிலைத்தான் ஃபேன் குளிர்வித்துக்கொண்டிருக்கும், இன்ஜினுக்குள் இருப்பது அப்படியே கிடக்கும். பேட்டரிதான் வீண்.

குழாய் வேலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஏனென்றால் இங்கே தவறினால் ஆயில் போய் நிற்கும் இடம் பின் டயர். சுமார் 150 டிகிரி தாங்கும் ஆயில் ஹோஸ், உள்விட்டம் 8-லிருந்து 10 மி.மீ, முனைகள் அழுத்திப் பொருத்தியவை. பெட்ரோல் ஹோஸைத் திருகு கிளாம்ப் போட்டு இறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். குளிர் நேரத்தில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஆயில் அழுத்தம் எகிறும், அப்போதுதான் அது பிடுங்கிக்கொண்டு வரும். பேஞ்சோவுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய செம்பு வாஷர்தான் கையில் இருக்கிறது என்றால், சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன் ஃபோர்க்கை அமுக்கியும் பாருங்கள், ஹோஸ் எதிலும் உரசக் கூடாது, சைலன்சர் பெண்டிலிருந்து விலகி இருக்க வேண்டும். கூலரின் வாய்கள் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று சிறைப்பட்டு, பாதிக் கூலர் வெறும் அலங்காரமாகிவிடும்.

மாட்டி முடித்ததும் கூலருக்குள் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டே ஹோஸை இணையுங்கள். 9 மி.மீ ஹோஸ் ஒரு மீட்டருக்குச் சுமார் 64 மி.லி பிடிக்கும், சின்னக் கூலர் 150, 200 மி.லி. அந்த அளவுக்குக் கூடுதல் ஆயில் தேவை. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகும் குழாயில் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை கிக் அடித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் எல்லா இணைப்பையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

குளிரிலும் மழையிலும் இதே கூலர் எதிரியாகும். ஆயில் 80-க்கு மேல் ஏறாமலே நாள்கணக்கில் ஓடினால் எரிதலில் பிறக்கும் நீராவி ஆயிலுக்குள்ளேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மஞ்சளாகப் பால் போன்ற பசை ஒட்டியிருப்பது அதன் அடையாளம். ஆயில் சூடாகும்வரை கூலருக்கு வழிவிடாத தெர்மோஸ்டாட் சாண்ட்விச் பிளேட் கிடைத்தால் நிம்மதி. இல்லையென்றால் கூலரின் முகத்தைப் பாதி மூடும் ஒரு தகடு போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் நினைப்பதில்லை. ஸ்கூட்டர்களைப் பாருங்கள். இன்ஜின் உடலுக்குள் ஒளிந்திருக்கும், எதிர்க்காற்று படவே படாது. ஆனாலும் வெஸ்பா காலத்திலிருந்தே கிராங்கோடு சுற்றும் ஃபேன் ஒன்று, தகட்டுக் கூண்டின் வழியே காற்றை ஃபின்களுக்குள் பிடித்துத் தள்ளி சமாளிக்கிறது. உங்கள் வண்டியில் ஆயில் ஓட்டத்தைக் கூட்ட வழியே இல்லை என்றால், கூலருக்கு ஃபேன் போடுவதற்குப் பதில் அதே 50 வாட் ஃபேனை ஹெட்டின் பக்கவாட்டில், இரண்டு தகடுகளால் காற்றை வழிநடத்தி, பிளக் பக்கம் அடிக்குமாறு வைத்துப் பார்க்கலாம். பார்க்க அழகாக இருக்காது. என் வண்டியில் கடைசியில் எடுப்பிடத்தை ஃபில்டர் பக்கம் மாற்றினேன், ஃபேன் அதன் பழைய இடத்திலேயே கூலருக்குப் பின்னால் நிற்கிறது. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இப்போது 12 டிகிரி வித்தியாசம், நெரிசலில் ஆயில் 112-ஐத் தாண்டுவதில்லை.

வேலை முடிந்ததும் வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஐடிலிங்கில் விட்டு ஒரு சோதனை செய்யுங்கள், பக்கத்திலேயே இருந்து மீட்டரைப் பார்த்தபடி. ஃபேன் ஆன் ஆகி ஐந்து, பத்து நிமிடத்தில் தானாக அணைந்து, மறுபடி சில நிமிடம் கழித்து ஆன் ஆனால் எல்லாம் சரி. ஆன் ஆனது அணையவே இல்லை, ஆனால் ஆயில் 115-க்குள் நிலைத்து நிற்கிறது என்றாலும் ஓட்டலாம். ஃபேன் சுற்றச் சுற்ற மீட்டர் ஏறிக்கொண்டே இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, அந்த இரண்டு தெர்மோகப்பிள்களை மறுபடி ஒட்டுங்கள்.